ஐந்தாம் மாடியைக் காணோம்

இரண்டாம் கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கட்டிலுக்கான திரையில் ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

சோதனை அறையில் எல்லோரும் திரையருகே குனிந்தார்கள். முதல் கட்டிலில், மார்பெல்லாம் ஒயரோடு படுத்திருந்த 'புகை' மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"மேடம், ரெண்டு திரையிலயும் நான்தானா? ஒரு இதயத்துக்கே வீட்ல மதிப்பில்ல. ரெண்டை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அசையாம படு," என்றாள் அவள்.

புகை அந்த டிசைன் கம்பெனியில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் செய்பவன். அவன் உட்கார்ந்த இடத்தில் எப்போதும் ஒரு நூல் புகை எழும்பிக்கொண்டிருக்கும் என்பதால் அந்தப் பெயர். எட்டுக் கட்டில்களின் இதயத் துடிப்பை ஒரே பெட்டி கவனிக்கும் ஆஸ்பத்திரிக் கருவி அது. அதன் மூளையாக உள்ளே உட்கார்ந்திருந்தது இந்தக் கம்பெனி டிசைன் செய்த, உள்ளங்கை அகல சர்க்யூட் போர்டு ஒன்று.

"ஒயரைக் கழட்டுங்க," என்றார் பூதக்கண்ணாடி.

போர்டுக்கு ஆர்டர் கொடுத்த கருவிக் கம்பெனியின் தரப் பரிசோதகர் அவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கும். சாப்பிடும்போதுகூடக் கழற்றுவதில்லை என்று கேள்வி.

புகை ஒயரைப் பிடுங்கினான். இரண்டு திரையிலும் கோடு படுத்துவிட்டது. மாட்டினான். இரண்டிலும் எழுந்து துடித்தது.

"நிஜ ஆஸ்பத்திரின்னு வெச்சிக்குவோம்," பூதக்கண்ணாடியின் குரல் உயரவே இல்லை. "ரெண்டாம் கட்டில்ல ஒருத்தர் இருக்கார். அவர் இதயம் நின்னுபோச்சு. திரை என்ன காட்டும்? பக்கத்துக் கட்டில்காரரோட துடிப்பைக் காட்டும். நர்ஸ் எட்டிப் பாத்துட்டு, 'தாத்தா ஜம்முனு இருக்கார்'னு டீ குடிக்கப் போயிடுவாங்க."

"லேயர் பிளான் யாரோடது?"

கேள்வி முடிவதற்குள் ஒரு விரல் நீண்டது. டிசைன் கம்பெனி முதலாளியின் விரல். "அவங்கதான் சார். முதல் லேயர்லேர்ந்து கடைசி வரைக்கும் அவங்க பிளான்தான்."

அவள் அந்த விரலைப் பார்த்தாள். அதில் இருந்த மோதிரம் அவள் போட்டது. முதலாளி அவளுடைய கணவன்.

ஆபீஸில் அவளுக்கு 'மாடி மேடம்' என்று பெயர். புதிதாக வரும் எல்லோருக்கும் அவள் பாடம் நடத்துவது மாடிக் கணக்கில்தான். பாதைகள் நெருக்கமாக ஓடும் போர்டு என்பது ஒற்றைப் பலகை கிடையாது, அடுக்குமாடிக் கட்டடம். முடியைவிட மெல்லிய செம்புத் தகடுகள், நடுநடுவே மின்சாரம் கடக்காத பசை ஷீட்டுகள், எல்லாவற்றையும் சேர்த்துச் சூட்டில் அழுத்தினால் ஒரு போர்டு. இந்தக் கட்டடத்துக்குப் பன்னிரண்டு மாடி, அதாவது பன்னிரண்டு லேயர். சில மாடிகளில் கம்பிப் பாதைகள் ஓடும். சில மாடிகளில் எதுவும் ஓடாது. முழுக்கச் செம்பு, காலியான கல்யாண மண்டபம் மாதிரி. அதற்குக் கிரவுண்ட் என்று பெயர். பார்ப்பவனுக்கு அது வீண். ஆனால் மேல் மாடிச் சண்டை கீழ் மாடிக்குக் கேட்காமல் இருப்பதே அந்தக் காலி மாடியால்தான்.

எந்த மாடிமேல் எந்த மாடி, நடுவில் எவ்வளவு கனம் என்று முடிவு செய்வது அவள் வேலை. இந்தப் போர்டில் நாலாம் மாடிப் பாதைகளும் ஆறாம் மாடிப் பாதைகளும் ஒரே திசையில், ஒன்றன் தலைமேல் ஒன்றாக ஓடின. அவ்வளவு துணிச்சலாக ஓட்டியதற்குக் காரணம், நடுவில் ஐந்தாம் மாடி முழுக்கக் கிரவுண்ட். அதேபோல் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே எட்டு.

"நாளைக்கு மத்தியானம் உக்காந்து பேசிடுவோம்," என்றார் பூதக்கண்ணாடி. "போர்டு பண்ணிக் குடுத்த ஃபேக்டரிக்காரரும் வரட்டும். பிளான்ல தப்புன்னா பிளான் போட்டவங்க பேரு. பண்ணதுல தப்புன்னா பண்ணவங்க பேரு. யார் பேரு வருதோ, அவங்க கை பட்ட போர்டை இனிமே எந்த ஆஸ்பத்திரிக் கருவிக்காரனும் தொட மாட்டான். இந்தத் தொழில் எவ்வளவு சின்ன வட்டம்னு உங்களுக்கே தெரியும்."

அவர் போனதும், ஃபேக்டரிக்காரருக்கு யார் போன் செய்வது என்ற கேள்வியே எழவில்லை. அது எப்போதும் அவள்தான். ஃபேக்டரிக்காரர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

மச்சானும் மாப்பிள்ளையும் முகம் பார்த்துப் பேசிப் பல வருஷம் ஆகிறது. ஒரு தொழில் கண்காட்சியில் நாலு பேர் முன்னால் அவள் கணவன் அண்ணனின் ஃபேக்டரியைத் 'தகரக் கடை' என்று சொல்லப்போக, அண்ணன் அதே நாலு பேர் முன்னால், "உன் டிசைனை நான் தொடறதே என் தங்கச்சி முகத்துக்காக" என்று திருப்பிக் கொடுத்தான். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் வேலை நிற்கவில்லை. பன்னிரண்டு மாடி அழுத்துகிற மெஷின் பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை. அண்ணனுக்கோ வேறு பெரிய ஆர்டர் இல்லை. அதனால் நடுவில் அவள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, ஓட்டையெல்லாம் கோணலா போட்டிருக்கான் அந்தத் தகரக் கடைக்காரன்" என்பான் கணவன். அண்ணனிடம் போகும்போது அது, "அண்ணா, டிரில்லிங் கொஞ்சம் பாத்துக்கறியா" என்று மாறியிருக்கும்.

"உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு, கழுத்தைப் பிடிச்சா போர்டு வராது" என்பான் அண்ணன். வீட்டுக்கு வரும்போது அது, "அண்ணன் ரெண்டு நாள் டைம் கேக்குதுங்க."

ஒரே ஒரு தடவை நேரில் பேசிவிடுங்கள் என்று அவள் இருவரிடமும் கெஞ்சாத நாள் இல்லை. கேட்டால் இரண்டு பேருமே ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "அவன் முதல்ல பேசட்டும்."

அண்ணனுக்குப் போன் செய்துவிட்டு, மேஜைமேல் கிடந்த போர்டுகளில் ஒன்றை எடுத்து விளிம்பைப் பார்த்தாள்.

பார்த்தவள் அப்படியே நின்றாள்.

மாடிகளின் வரிசை சரியா என்று கண்ணாலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு மாடியின் ஓரத்திலும் ஒரு சின்னச் செம்புக் கோடு, முந்தியதைவிடக் கொஞ்சம் தள்ளி. போர்டை வெட்டியபின் பக்கவாட்டில் பார்த்தால் படிக்கட்டு மாதிரித் தெரியும். படி தவறியிருந்தால் மாடி தவறியிருக்கிறது. தொழிலில் எல்லோரும் வைக்கிற அடையாளம்தான்.

இந்தப் போர்டில் படிக்கட்டு இல்லை. அந்த ஓரம் மழமழவென்று சீவப்பட்டிருந்தது. அடுத்த போர்டு, அதற்கடுத்தது... அத்தனையும் ஷேவ் செய்த மாதிரி.

"என்ன பாக்கறே?" பின்னாலிருந்து கணவன்.

"ஓரத்தைச் சீவியிருக்காங்க. அண்ணன் ஏதோ..."

அவன் போர்டை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி மேஜைமேல் வைத்தான். "விடு. வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

வழக்கமாக, அண்ணன் பக்கம் ஒரு தூசு தப்பு என்று தெரிந்தாலும் அன்று முழுக்க அவனுக்குத் திருவிழாதான். இன்று 'விடு' என்கிறான்.

*

வீட்டில் அவன் டீ போட்டான். அவனாக டீ போட்ட நாட்களில் நல்ல செய்தி வந்ததே கிடையாது.

"நீ ஒத்துக்கோ," என்றான், டம்ளரை அவள் முன்னால் வைத்தபடி.

"எதை?"

"பிளான்லதான் தப்புன்னு. அத்தோட விஷயம் முடிஞ்சுடும். மறுபடி ஒரு தடவை போர்டு பண்ணிக் குடுத்துடலாம்."

"என் பிளான்ல தப்பு இல்லைங்க."

"இல்லாம இருக்கலாம். ஆனா அவரை நினைச்சுப் பாரு. இந்த வயசுல ஃபேக்டரி மேல பழி விழுந்தா அவர் எங்க போவார்?"

அவள் டம்ளரை எடுக்கவில்லை. "எவரை?"

"உங்க அண்ணனைத்தான் சொல்றேன்."

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அண்ணன் 'அவன்'தான். கோபம் தணிந்த நாளில் 'அந்த ஆளு'. இன்று 'அவர்'. அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மூடிக்கொள்வான் என்று தெரியும்.

"உன் பேர் போனா இப்ப என்ன? நம்ம கம்பெனியிலயே இருக்கே. ஆஸ்பத்திரி வேலை வேண்டாம், லைட்டு போர்டு ஃபேன் போர்டு பாரு. சோறு கிடைக்காமயா போயிடும்?"

"கம்பெனி உங்க பேர்ல. இந்த வீடு உங்க பேர்ல. காரும் உங்க பேர்ல. என் பேர்ல இருக்கறது நான் போட்ட பிளான் மட்டும்தாங்க. அதையும் நீங்களே கேக்கறீங்க."

"இப்படிப் பேசினா என்ன பதில் சொல்றது," என்று அவன் எழுந்துபோனான்.

டீ ஆறியது. சர்க்கரை போட மறந்திருந்தான்.

*

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஃபேக்டரிக்குப் போனாள்.

அழுத்தும் கூடத்தில் வழக்கமான வாடை: சூடான பிசின், கருகிய தூசி. தலைக்குக் குல்லா, வாய்க்குத் துணி கட்டிய இரண்டு பேர் செம்புத் தகடும் பசை ஷீட்டுமாக மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய பிரஸ் மெஷின் மூடிய வாயோடு உறுமியது. அண்ணன் அதன் பக்கத்தில் நின்று, நகத்தால் ஒரு தகட்டின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சுரண்டல் நின்றது.

"வா பாப்பா. சாப்டியா?"

"படிக்கட்டை ஏண்ணா சீவினே?"

"எதை?"

"தெரியாத மாதிரி பேசாதே. போர்டு ஓரம். அத்தனையையும் சீவியிருக்கே."

"ஓ, அதுவா..." அவன் மெஷினைப் பார்த்துச் சொன்னான். "பெட்டிக்குள்ள உக்காரலையாம். துளி சீவிக் குடுங்கன்னு மாப்பிள்ளைதான் சொன்னா..."

நிறுத்தினான்.

மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது.

'உன் வீட்டுக்காரன்' என்றுதான் இத்தனை காலமும். கல்யாணத்தில் ஒருநாள் சொன்ன 'மாப்பிள்ளை'யை அண்ணன் அந்தக் கண்காட்சி நாளோடு துடைத்துப் போட்டிருந்தான். அது இப்போது இவ்வளவு சுலபமாக, வெண்ணெய் தடவிய மாதிரி, நாக்கிலிருந்து வழுக்கி வந்தது. ஒருமுறை சொல்லிப் பார்த்தவன் வாயிலிருந்து அப்படி வராது. நாலைந்து தடவையாவது பழகியிருக்க வேண்டும்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?"

"சீச்சீ. யாரோ ஆள் வந்து சொன்னாங்க."

"எந்த ஆள்?"

"ஏதோ ஒரு ஆள். இப்ப அதுவா முக்கியம்? பாப்பா, நான் சொல்றதைக் கேளு. நீ ஒருத்தி. இங்க எத்தனை குடும்பம் நிக்குது பாரு." குல்லா போட்டவர்களைக் கையால் காட்டினான். அவர்கள் தலையைத் தூக்கவில்லை. "மத்தியானம் வந்து, பிளான்ல சின்னப் பிசகுன்னு ஒரு வார்த்தை. அண்ணனுக்காக."

நேற்று டீயோடு வந்த அதே வாக்கியம். ஒருவர் எழுதிக் கொடுத்து இருவர் ஒப்பித்த மாதிரி.

அவள் கிளம்பினாள். வாசல் வரைக்கும் அண்ணன் கூடவே வந்தான். வழக்கத்தில் இல்லாத மரியாதை.

*

"இந்த மூடியைத் தூக்கு," என்றாள், கம்பெனிக்குத் திரும்பியதும் புகையிடம்.

போர்டின் நடுவில், தீப்பெட்டி அளவு தகர மூடி ஒன்று நான்கு பக்கமும் சால்டர் வைத்து உட்கார்ந்திருந்தது. வெளிச் சத்தம் உள்ளே வராமல் சில பாகங்களைப் பொத்திவைக்கிற மூடி.

"மேடம், பரிசோதகர் ஐயா பாக்க வேண்டிய போர்டு. முதலாளி கேட்டா?"

"மேடம்தான் சொன்னாங்கன்னு சொல்லு."

"மேடமும் முதலாளி வீட்டம்மாவும் ஒரே ஆளா இருக்கறது எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா," என்று முனகிக்கொண்டே வெப்பக் காற்றுத் துப்பாக்கியை எடுத்தான். நூல் புகை எழும்பியது. சால்டர் பளபளவென்று இளகியது. இடுக்கியால் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

உள்ளே ஒரு மூலையில், பாகம் எதுவும் இல்லாத ஒரு சின்னப் பட்டை. பச்சைப் பூச்சுகூட இல்லாத வெறும் இடம்.

படிக்கட்டு எல்லோரும் வைப்பது. இந்த ஜன்னல் அவள் மட்டும் வைப்பது. பன்னிரண்டு மாடியிலும் அந்த இடத்தில் வேறு செம்பு கிடையாது; ஒவ்வொரு மாடியும் அங்கே தன் எண்ணை மட்டும், தனக்கு ஒதுக்கிய கட்டத்தில், செம்பில் எழுதிவைத்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசையாகத் தெரியும். ஓரம் உடையலாம், உரசலாம் என்று நடுவில் மூடிக்கு அடியில் வைத்திருந்தாள். கணவனிடம் ஒருமுறை ஆசையாகக் காட்டியிருக்கிறாள். அப்போது அவன் போனில் இருந்தான்.

அறையின் ஜன்னலோரம் போய், போர்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஒரு வெற்றுக் கட்டம். அதில் வெயில் மட்டும்.

ஆறு. ஏழு.

மறுபடி வெறும் வெயில்.

ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

"மேடம்," என்றான் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த புகை. இந்த முறை குரலில் விளையாட்டு இல்லை. "அஞ்சாம் மாடியைக் காணோம்."

எட்டையும் காணோம். கிரவுண்ட் மாடி இரண்டையும் அப்படியே உருவிவிட்டு, கனம் குறையாமல் இருக்கத் தடித்த பசை ஷீட்டை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். இணைப்புகளில் மின்சாரம் போகிறதா என்று மட்டும் பார்க்கும் ஒயர் சோதனையில் இது தெரியவே தெரியாது. கிரவுண்டுக்குப் போக வேண்டியது எல்லாம் மற்ற மாடி வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். கையில் பிடித்தாலும் தெரியாது. நாலுக்கும் ஆறுக்கும் நடுவே சுவர் போய்விட்டது என்பது அந்த இரண்டு மாடிக்கு மட்டும்தான் தெரியும். முதல் கட்டிலின் துடிப்பு நாலில் ஓடியது. இரண்டாம் கட்டிலின் பாதை ஆறில், நேர் கீழே. நாலு பேசிய அத்தனையையும் ஆறு கேட்டுக்கொண்டிருந்தது.

இதை அண்ணன் தானாகச் செய்திருக்க முடியாது. டிசைன் கம்பெனி முதலாளி சம்மதிக்காமல் ஒரு மாடியை உருவ எந்த ஃபேக்டரிக்கும் தைரியம் வராது. முதலாளியும் தனியாகச் செய்திருக்க முடியாது.

இருவரும் பேசியிருக்கிறார்கள்.

அவள் போர்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தாள்.

"என்ன மேடம் பண்ணப் போறீங்க?"

"மத்தியானம் மீட்டிங் இருக்கு," என்றாள்.

*

மீட்டிங் அறையில் அவளுக்கு முன்பே இருவரும் வந்திருந்தார்கள். மேஜையின் ஒரே பக்கத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். அண்ணன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கணவன் திறந்து கொடுத்தான். இந்த ஒரு காட்சியைப் பார்க்க அவள் என்னென்னவோ செய்திருப்பாள்.

எதிரில் பூதக்கண்ணாடி.

"சொல்லுங்கம்மா," என்றார். "பிளான்ல பிசகு இருக்கறதா நீங்க ஒத்துக்கறதா சார் சொன்னார்."

கணவன் தலையாட்டினான். அண்ணன் அவளைப் பார்த்தான். சின்ன வயதில் அப்பாவின் கடிகாரத்தை உடைத்துவிட்டு, 'நீ உடைச்சேன்னு சொல்லு பாப்பா, உன்னை அடிக்க மாட்டாரு' என்று கெஞ்சிய அதே பார்வை. அன்று அவள் சொன்னாள். அடி விழுந்தது.

கைக்குட்டையைப் பிரித்து, போர்டை மேஜைமேல் தள்ளினாள்.

"மூடி எடுத்த இடத்துல ஒரு பட்டை இருக்கு சார். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் படிங்க."

பூதக்கண்ணாடி ஜன்னலோரம் போனார். லென்ஸைக் கண்ணில் வைத்தார். உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தார். நாலோடு உதடு நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"அஞ்சு எங்கே?" என்றார் திரும்பாமலே. அது யாருக்கான கேள்வி என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கணவன் தொண்டையைச் செருமினான். "சார், கிரவுண்டுக்கு மேலயும் கீழயும் வைக்கற மெல்லிசு ஷீட் ஸ்டாக் இல்லை. நீங்க குடுத்த தேதியோ நெருங்கிடுச்சு. ரெண்டு கிரவுண்ட்தானே, காலியாத்தானே கிடக்குதுன்னு... அவங்களுக்கும் தெரியும் சார். மூணு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுதான்."

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

அண்ணன் பாட்டில் மூடியைத் திருகி மூடினான். "ஆமாங்க," என்றான். "பாப்பாவுக்குத் தெரியும்."

கூடப்பிறந்தவன் சொன்னதும், கட்டிக்கொண்டவன் சொன்னதும், இம்மி பிசகாமல் ஒரே கோட்டில் ஓடின. ஒன்றன் தலைமேல் ஒன்றாக.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா," என்றாள் அவள் பூதக்கண்ணாடியிடம், "நாலையும் ஆறையும் ஒரே திசையில விட்டிருக்க மாட்டேன் சார். ஒண்ணைக் குறுக்கே திருப்பியிருப்பேன். நடுவுல சுவர் இல்லைன்னா குறுக்கேதான் ஓட்டணும். இது ரெண்டு நாள் வேலை கத்துக்கிட்டவங்களுக்கே தெரியும். பிளான்ல அஞ்சு இருக்குன்னு நம்பித்தான் ஓட்டினேன்."

பூதக்கண்ணாடி போர்டைப் பார்த்தார். சீவப்பட்ட ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். அதற்குமேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"பிளான் சுத்தம்," என்றார். "அப்படியே எழுதிடறேன். உங்க ரெண்டு பேருக்கும்..." இருவரையும் லென்ஸ் இல்லாமலே பார்த்தார். "இனிமே எங்க வாசலுக்கு வர வேண்டாம்."

அவர் வெளியே போனதும் கதவு சாத்திக்கொண்டது.

அவள் கேட்க நினைத்தது ஏன் என்று. வாயில் வந்தது வேறு.

"யார் முதல்ல போன் பண்ணது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் அவளுக்கு இடம் இல்லை.

"மாப்பிள்ளைதான் பண்ணாரு," என்றான் அண்ணன். "ஷீட் விஷயமாத்தான். பேச ஆரம்பிச்சதும்... இதுக்கா இத்தனை வருஷம்னு ஆயிடுச்சு பாப்பா. ரெண்டு பேருமே சிரிச்சிட்டோம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா எதுக்குப் பேசினீங்கன்னு கேப்பே," என்றான் கணவன். "உன்கிட்ட மறைக்கறதுக்காகத்தானே பேசினோம்."

அண்ணன் எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பினான். "தங்கச்சின்னு ஒருத்தி இருந்தா போதும், வெளியில எதிரியே வேண்டாம்." சொன்னது அவளிடம் இல்லை, மாப்பிள்ளையிடம். மாப்பிள்ளை தலையாட்டினான்.

*

அவள் பெயர் சுத்தமாகத்தான் இருந்தது. பூதக்கண்ணாடி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

போர்டு டிசைன் செய்யும் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். எல்லா இடத்திலும் நல்ல நாற்காலி போட்டார்கள். ஒரு முதலாளி மட்டும் கொஞ்சம் உண்மை பேசினார்.

"உங்க பிளான் கண்ணாடி மாதிரி மேடம். அதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா எங்க பசங்க பயப்படறாங்க. சொந்தப் புருஷன், சொந்த அண்ணன்னு பாக்காதவங்க, எங்க போர்டுல எந்த மூடிக்கு அடியில என்ன ஜன்னல் வெச்சிருப்பாங்களோன்னு."

அவரே சிரித்துக்கொண்டார். காபி நன்றாக இருந்தது.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. கணவன் அவளைத் திட்டவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. அவனும் அண்ணனும் கம்பெனிகளை ஒன்றாக்கிவிட்டார்கள். லைட்டுக்கும் ஃபேனுக்கும் போர்டு. மேலே ஒரு லேயர், கீழே ஒரு லேயர், அவ்வளவுதான். நன்றாக ஓடுவதாகப் புகை சொன்னான். அவனும் இப்போது அங்கேதான். "பிளானே வேண்டாம் மேடம், கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்றவன், சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உணர்ந்து, சட்டென்று தன் குழந்தைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கணவனுடைய போன்; அவன் குளித்துக்கொண்டிருந்தான். திரையில் அண்ணன் எண். 'மச்சான்' என்று பதிந்திருந்தது.

அந்த மீட்டிங்குக்குப் பிறகு அண்ணன் குரலைக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"அண்ணா."

அந்தப் பக்கம் பின்னணியில் பிரஸ் மெஷின் உறுமியது. ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடக்கிறது.

"எப்படி இருக்கேண்ணா?"

"ம்," என்றான் அண்ணன். பிறகு, "மாப்பிள்ளை இல்லையா?"

"குளிக்கறாரு. ஏதாவது சொல்லணுமா? நான் சொல்லிடறேன்."

"வேண்டாம்," என்றான். "நான் நேராவே பேசிக்கறேன்."

குளியலறைக் கதவு திறந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே கணவன் கையை நீட்டினான். அவள் கொடுத்தாள். "சொல்லுங்க மச்சான்," என்றபடி உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பலகைக் கதவு. மெல்லியது. அவன் சிரிப்பது அப்படியே கேட்டது. கொஞ்சம் காது கொடுத்தால் அண்ணன் சிரிப்பதும்.

அவள் துணியை எடுத்து, துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள்.